ஊக்கம் ஓய்ந்தாலும் கால்கள் ஓயக்கூடாது!



வட பேராக்கின் கிரியான் மாவட்டத்தில் இருக்கும் பாகான் செராய் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது நெல் வயல்கள். 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா அணையின் தண்ணீர், வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து இந்த வட்டாரத்து வயல்களை நனைக்கிறது. ஆனால் ரப்பர் வருவதற்கு முன்னால் இந்த மாவட்டத்தில் கொடிகட்டிப் பறந்த இன்னொரு பயிர் உண்டு. அதுதான் கரும்பு! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். வெயிலில் வெந்து, கரும்பு வெட்டி, ஊர் உலகத்துக்குச் சீனி கொடுத்தார்கள்.

இன்று அந்தச் சீனி நம் மக்களின் இரத்தத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வைப் புரட்டிப் பார்த்தால் மனம் கனக்கிறது. மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 63.9 விழுக்காடு. நீரிழிவு நோயிலும் இந்தியர்களுக்கே முதலிடம், 31.4 விழுக்காடு. அதாவது வயது வந்த பத்து இந்தியர்களில் மூன்று பேருக்கு இனிப்பு நீர். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த எடைக்கணக்கு 54.4 விழுக்காடாக மேலும் ஏறிவிட்டது. இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைக்கப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகத்தை இழந்தவர்கள்.

இதையெல்லாம் நம் மக்கள் அறியாமலா இருக்கிறார்கள்? அறிந்தேதான் இருக்கிறார்கள். ஆங்கிலப் புத்தாண்டில் ஒரு முறை, தீபாவளிப் பலகாரம் தீர்ந்ததும் ஒரு முறை, கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியதும் ஒரு முறை என்று எத்தனையோ தடவை தொடங்கியவர்கள்தான். புதுக் காலணி வாங்குகிறார்கள். இரண்டு வாரம் விடியற்காலையில் நடக்கிறார்கள். மூன்றாவது வாரம் மழை, நான்காவது வாரம் ஒரு திருமணம், அதன் பிறகு காலணி அலமாரிக்கு அடியில்! தொடங்குவதில் யாருக்கும் சிரமமில்லை. தொடர்வதில்தான் அத்தனை பேரும் தடுக்கி விழுகிறார்கள். இன்றைய உரை அந்தத் தடுக்கலைப் பற்றியது.

அன்று ஊக்கம் தேவைப்படவில்லை

தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியிடமோ தாத்தாவிடமோ போய், "உடற்பயிற்சி செய்ய உங்களுக்கு ஊக்கம் எப்படி வந்தது?" என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள். இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சுற்றி வந்து சீவ வேண்டும். பிறகு பால் எடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. உடம்பை வேலையே பார்த்துக்கொண்டது.

பிறகு தோட்டங்கள் கைமாறின. பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று ஒருவர் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார். இன்னொருவர் பாதுகாவலராக நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மற்றொருவர் லாரி ஓட்டுகிறார். தெருமுனைக் கடைக்குக்கூட மோட்டார் சைக்கிள்! ஆனால் சோற்றுத் தட்டு மட்டும் வாளி தூக்கிய காலத்துத் தட்டாகவே இருக்கிறது.

ஆகவே பருத்துப் போனவரைச் சோம்பேறி என்று ஏசுவது நியாயமாகாது. முன்பு வேலை செய்துகொடுத்த காரியத்தை இன்று ஒவ்வொருவரும் தன் மனத்தால் செய்ய வேண்டியிருக்கிறது. மனமோ நாளுக்கு ஒரு நிறம் மாறும். அதை மட்டும் நம்பி எடையைக் குறைக்க இறங்கினால் மூன்றாவது வாரத்தில் அது கைவிட்டுவிடும்.

விரதம் சொல்லும் பாடம்

மனத்தைக் கட்டிப்போட நம் மக்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தைப்பூசத்தை நினைத்துப் பார்க்கலாம். பினாங்கு தண்ணீர்மலைக்கோ ஈப்போ கல்லுமலைக்கோ காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர், ஒரு மண்டலம், அதாவது 48 நாள் விரதம் இருக்கிறார். மீன் இல்லை, கோழி இல்லை, பீர் இல்லை. கோழிக் கறி இல்லாமல் சோறு இறங்காது என்று சொன்ன அதே மனிதர்தான்!

எப்படி முடிந்தது? பக்தி முதல் காரணம். அதோடு வேறு சில காரணங்களும் உண்டு. விதி தெளிவாக இருக்கிறது. எது கூடும், எது கூடாது என்று தினமும் யோசிக்க வேண்டியதில்லை. வீட்டுச் சமையலே அவருக்காக மாறுகிறது. "ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று எந்த உறவினரும் அவரை வற்புறுத்துவதில்லை. விரதக்காரரை ஊரே தாங்கிப் பிடிக்கிறது.

எடையைக் குறைக்க முனைபவருக்கு இவை அத்தனையும் வேண்டும். ஆனால் விரதத்தில் உள்ள ஒன்று மட்டும் இங்கே ஆகாது. அதுதான் முடிவுத் தேதி! விரதம் முடிந்ததும் இலையில் ஆட்டிறைச்சி வந்துவிடும். மகள் திருமணத்துக்குள் பத்து கிலோ என்று தேதி குறித்துப் பட்டினி கிடப்பவர்களின் கதையும் அப்படித்தான். திருமணம் முடியும், எடை திரும்பும்.

ஆகவே முடிவுத் தேதி இல்லாத பழக்கமாக இது மாற வேண்டும். பழக்கம் எத்தனை நாளில் பிடிபடும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வு ஒன்று, நடுத்தரமாக 66 நாள் என்று காட்டியது. சிலருக்கு 18 நாளில் கைவந்தது. சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிடப்பட்டது. அதில் இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் தவறியதும் "எல்லாம் போச்சு" என்று மொத்தத்தையும் கைவிடுவதுதான் கேடு.

முள் நகராத வாரங்கள்

உணவைக் குறைக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் எடை மளமளவென்று இறங்கும். அதில் பெரும் பங்கு உடம்பிலிருந்து வெளியேறும் நீர். அதன் பிறகு வேகம் குறையும். உடம்பு சிறுத்தால் அதற்குத் தேவைப்படும் எரிபொருளும் குறையும் என்பதால், ஒரு கட்டத்தில் எடை காட்டும் கருவியின் முள் ஒரே எண்ணில் நின்றுவிடும். பலர் நடையை நிறுத்துவது இந்த இடத்தில்தான். "இவ்வளவு நடந்தும் குறையவில்லையே, பிறகு எதற்கு நடப்பது?" என்ற கேள்வி அவர்களை வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்குச் சென்னையிலிருந்து ஒரு பதில் உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்கெடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மற்றொரு பிரிவினர் தினமும் அரை மணி நேரமாவது விரைந்து நடக்கவும், சீனியையும் எண்ணெயையும் குறைக்கவும் வழிகாட்டப்பட்டார்கள். மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடந்து, உணவைத் திருத்திக்கொண்ட பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பேர். ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது!

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? அந்தப் பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. முள் நகரவில்லை, நோய் தள்ளிப் போனது! நம் இரத்தமும் நம் உடல்வாகும் கொண்ட மக்களிடம் கண்ட உண்மை இது. முள் நகராத வாரத்தில் நடந்த நடையும் உடம்பின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

எடையும் சேர்ந்து குறைந்தால் பலன் இன்னும் பெரிது. அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது ஐந்தரை கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்தப் பிரிவில் நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் பலருக்குக் குறைந்த எடையின் பெரும் பகுதி திரும்பி வந்திருந்தது. அப்படியிருந்தும் நீரிழிவு ஆபத்து 34 விழுக்காடு குறைவாகவே இருந்தது. எடை திரும்பிவிட்டது என்று வெட்கப்பட்டு ஒளிந்துகொள்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்ட பாடு வீணாகவில்லை.

நோட்டுப் புத்தகமும் கைத்தொலைபேசியும்

எடையைத் தினமும் எண்ணுவதைவிட, செய்த காரியத்தைத் தினமும் எண்ணுவது மனத்துக்கு நல்லது. எடை நம் கையில் இல்லை. நடையும் தட்டும் நம் கையில் இருக்கின்றன.

பிள்ளைகளின் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு, இன்று எத்தனை நிமிடம் நடந்தது, எத்தனை குவளை இனிப்புப் பானம் குடித்தது, என்னென்ன சாப்பிட்டது என்று எழுதி வரலாம். அமெரிக்காவில் ஏறக்குறைய 1,700 பேரிடம் நடத்தி 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாரத்துக்கு ஆறு நாளாவது உணவுக் குறிப்பு எழுதியவர்கள், ஒரு நாள் எழுதியவர்களையும் எழுதாதவர்களையும் விட ஏறக்குறைய இரு மடங்கு எடை குறைந்தார்கள். கையில் எடுத்த மூன்றாவது வடையை நோட்டில் எழுத வேண்டுமே என்று நினைக்கும்போதே பாதி வடை தட்டுக்குத் திரும்பிவிடும்!

அடுத்தது, நினைவூட்ட ஓர் ஆள். இதையும் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். நீரிழிவின் வாசலில் நின்ற 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு, நடையையும் உணவையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகள் இரண்டு ஆண்டுகள் கைத்தொலைபேசிக்கு வந்துகொண்டிருந்தன. 2013இல் வெளிவந்த முடிவு: செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது, பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது. ஒரு சின்னக் குறுஞ்செய்திக்கு அத்தனை பலம்!

பாகான் செராயில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறார்கள். அதோடு, "அம்மா, இன்னிக்கு நடந்தாச்சா?" என்று சாயங்காலம் ஒரு வரி அனுப்பினால் அதுவும் பெற்றோருக்குச் செய்யும் கடமைதான்.

"ஒரு வாய் சாப்பிடு"

ஊக்கத்தைக் கொல்வது வெளியார் அல்ல, அன்பானவர்களே! ஒரு வீட்டுக் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளலாம். நாத்தனார் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பு. தட்டில் கொஞ்சமாகச் சோறு வைத்துக்கொண்டு ஒதுங்குகிறார் ஒரு குடும்பத் தலைவி.

"என்ன அண்ணி, என் கறி நல்லா இல்லையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா, போதும்."

"முகமெல்லாம் வாடிப் போச்சே, உடம்புக்கு ஏதும் சீக்கா? இந்தாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

ஒரு வாய் என்று விழுவது இரண்டு கரண்டி! மறுத்தால் மனத்தாங்கல், வாங்கினால் ஒரு மாத முயற்சிக்கு விடுமுறை. காவடி விரதக்காரருக்குக் காட்டும் மரியாதையில் பாதியை உடம்பைப் பார்த்துக்கொள்பவருக்கும் காட்டினால் என்ன? உபசரிப்பவர் ஒரு தடவை கேட்பது அன்பு. "போதும்" என்ற பிறகு நிறுத்துவது அதைவிடப் பெரிய அன்பு.

வீட்டுக்குள்ளும் இதே கதை உண்டு. குடும்பத் தலைவி தனக்கு மட்டும் ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்று இரண்டு அடுப்பில் வேகிறார். எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? ஒரே பானை, ஒரே குழம்பு, சோறு மட்டும் எல்லாருக்கும் குறைவு, கீரையும் காய்கறியும் எல்லாருக்கும் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் யாரும் தனித்து நிற்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டும் இதுதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, பருப்பு, மீதிப் பாதி முழுவதும் காய்கறி, பழம். திருவள்ளுவர் "மருந்து" என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் பத்துக் குறள்களிலும் எந்த மருந்தின் பெயரும் கிடையாது. அளவறிந்து உண்பதைத்தான் வலியுறுத்துகிறார்.

ஒட்டுக்கடையில் ஒரு கணக்கையும் மனத்தில் வைக்கலாம். ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. அரை மணி நேர வேக நடையில் கரைவது சுமார் 150 கலோரி. நடந்துவிட்டோமே என்று இரண்டு ரொட்டியும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் பசியாறினால் கணக்கு தலைகீழாகிவிடும். தே ஓ கோசோங் கேட்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

எங்கே நடப்பது, யாரோடு நடப்பது?

உடற்பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கிரியான் சமவெளி, மேடு பள்ளம் இல்லாதது. முழங்கால் வலிக்காரருக்கும் ஏற்றது. வாய்க்கால் ஓரப் பாதை, தாமான் சாலை, திடல் எதுவானாலும் போதும். வெயில் ஏறுமுன் நடந்துவிட வேண்டும். மழை நாளில் வீட்டு ஐந்தடியிலேயே பத்து நிமிடம் நடக்கலாம். பெண்கள் இருட்டில் தனியாகப் போவதைத் தவிர்த்து, நகையைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. அதில் பாதுகாப்போடு இன்னொரு லாபமும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றுகொண்டிருக்கும்போது போர்வையை இழுத்து மூட யாருக்கும் மனம் வராது!

ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடும் சிலிப்பரோடும் நடக்கக்கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சிறு காயமும் தெரியாமல் புண்ணாகி, காலையே காவு கேட்கும். இன்சுலின் போடுபவர்களும் இருதய நோயாளிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம்.

குறுக்கு வழியில் போகாதீர்!

ஊக்கம் குறையும் நேரம் பார்த்துத்தான் "மெலிவுக் காப்பி" விற்பவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். இப்படிப்பட்ட சில பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து இரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இருதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது.

அண்மைக் காலத்தில் பேசப்படும் செமாகுளூட்டைட் ஊசி அப்படிப்பட்டதல்ல. முறையாக ஆராயப்பட்ட மருந்து. 2021இல் வெளிவந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருத்துவர் தேவை என்று கருதினால் போட்டுக்கொள்ளலாம். தட்டையும் நடையையும் ஊசி மாற்றித் தராது.

வெற்றி பெற்றவர்கள் என்ன செய்தார்கள்?

எடையைக் குறைத்து, அதைக் கட்டிக் காத்தவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்டது. குறைந்தது 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஓராண்டாவது திரும்பவிடாமல் வைத்திருந்தவர்களே அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரம் உடலை அசைப்பவர்கள். முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். பெரும்பாலோர் காலையில் பசியாறத் தவறாதவர்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தொலைக்காட்சி பார்ப்பவர்களும் அவர்களில் பாதிக்கு மேல்! தொலைக்காட்சியிலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது?

அவர்கள் பட்டியலில் அதிசயம் எதுவும் இல்லை. சாதாரணக் காரியங்களை மனம் இருந்த நாளிலும் மனம் இல்லாத நாளிலும் செய்தவர்கள் அவர்கள். மனம் இல்லாத நாளுக்கென்று ஒரு சின்ன அளவை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்ல வழி. வழக்கமாக 40 நிமிடம் நடப்பவர் சோர்ந்த நாளில் பத்து நிமிடம் நடக்கட்டும். இரண்டு தே குடிப்பவர் அன்று ஒன்றோடு நிறுத்தட்டும். சங்கிலி அறுந்து போகாமல் இருந்தால் போதும்.

ஊக்கம் வரட்டும் என்று வாசலில் காத்திருப்பவர் அடுத்த ஆண்டும் அதே வாசலில்தான் இருப்பார். ஊக்கமே இல்லாமல் காலணியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்துவிட்டு வருபவர்தான் பேரப்பிள்ளையின் திருமணத்துக்குச் சொந்தக் காலில் நடந்து வருவார்.